கால் ஊன்றும் உயரம்

என் முட்டியை இரண்டு முறை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே வண்டிய உதைக்காதீங்க." அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டார். உதைக்காமல் வண்டி எப்படிக் கிளம்பும் என்று கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

என்னுடையது பெடலை மிதித்துக் கிளப்பும் பழைய மொபெட். சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருபத்திரண்டு வருடம் அதில்தான் போய்வந்தேன். முன்னால் தடுப்பூசிப் பெட்டி, பின்னால் சில நாள் பிரசவ வலி எடுத்த பெண், மற்ற நாளெல்லாம் என் வீட்டுக்காரர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தாம்பரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலையில் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் அதே இடத்தில் இறக்கிவிடும். மீதி ஊரெல்லாம் என் பின்னால் உட்கார்ந்துதான் பார்த்தார். வழியில் யாராவது கேலி செய்தால், "எனக்கு டிரைவர் கீது, உனக்கு கீதா?" என்று கேட்பார்.

எனக்கு ஓய்வு கிடைத்த வருடம்தான் ஒரகடத்தில் கம்பெனிகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்களுக்காக ஒருவர் விடுதி கட்டியிருந்தார். தினமும் காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை அங்கே இருந்து காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். ஒத்துக்கொண்டேன். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ் அந்தப் பக்கம் திரும்புவதே கிடையாது. சாலை நிறைய கம்பெனி பஸ்கள் ஓடும். அடையாள அட்டை இல்லாதவளுக்கு ஒன்றும் நிற்காது. ஷேர் ஆட்டோவில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் டிரைவர் பக்கத்தில் பாதி உட்கார்ந்து, வலிக்கும் காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு போக வேண்டும்.

மகள் தாம்பரத்தில் இருந்து போன் செய்தாள். "பேசாம வீட்ல இரும்மா. இந்த வயசுல உனக்கு எதுக்கு வண்டி?" அவளிடம் பட்டன் அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டர் இருந்தது. நான் அதை ஓட்டிப் பார்க்காமல் இல்லை. போன பொங்கலுக்கு அவள் வந்தபோது வாசலில் எடுத்தேன். கிளம்பியது. நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் தரை கொஞ்சம் சரிவு. நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள அந்த வண்டி மெதுவாக, மரியாதையாக என் வலதுபக்கம் சாய்ந்தது. முட்டி தாங்கவில்லை. வண்டியோடு நானும் செம்பருத்திச் செடியில் போய் விழுந்தேன். அதிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பேச்சு.

உதைக்கவும் கூடாது, கனமாகவும் இருக்கக் கூடாது என்றால் மிச்சம் ஒன்றுதான்: பேட்டரி வண்டி. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை புதிதாகத் திறந்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் போனோம்.

டை கட்டிய விற்பனையாளர் எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப்போய் என் வீட்டுக்காரருக்குக் கை கொடுத்தார். "வாங்க சார், உக்காருங்க சார். சாருக்கு எந்த மாதிரி மாடல் பாக்குறீங்க?"

"வண்டி எனக்கு," என்றேன்.

"சூப்பர் மேடம்," என்று சொல்லிவிட்டு மறுபடி அவர் பக்கம் திரும்பினார். "சார், இதுல லைசென்ஸ் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், பெட்ரோல் வேணாம். ஒரு தடவ சார்ஜ் போட்டா அறுபது கிலோமீட்டர் போகலாம் சார்."

"ரெண்டு பேர் உக்காந்தாலும் அறுபதா?" என்று கேட்டேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார். "அது ரோட்டைப் பொறுத்து சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரராவது "என்கிட்ட சொல்லாதீங்க, அவங்கதான் ஓட்டுறவங்க" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தலையாட்டிக்கொண்டே கேட்டார். அதோடு விட்டாரா? "சார், உக்காந்து பாருங்க" என்று அந்த ஆள் சொன்னதும் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்து முறுக்கினார். கண்ணாடியில் முகம் பார்த்தார். பிரேக்கை அமுக்கிவிட்டு, "நல்லாத்தாம்மா கீது," என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார். வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாத மனிதர்.

அவரை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். இரண்டு காலிலும் பெருவிரல் மட்டும்தான் தரையில் பட்டது.

"எட்டலையே," என்றேன்.

"பழகிடும் மேடம்."

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. இனிமே கால் வளராது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, முதலாளி சம்மதிக்க மாட்டார் என்றார். கடைக்கு முன்னாலிருந்த சிமென்ட் தரையில் ஒரு சுற்று வரச் சொன்னார். அந்தத் தரை நீளம் பதினைந்து அடி இருக்கும். கிளம்புவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டும். ஆறு கிலோமீட்டர் போக வேண்டிய வண்டியைப் பதினைந்து அடியில் எப்படித் தெரிந்துகொள்வது? புறப்படும்போது அந்த ஆள் வண்ணத்தாள்களை அடுக்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். அவர் அதை பஸ்ஸில் ஊர் வரைக்கும் படித்துக்கொண்டு வந்தார்.

அடுத்து தாம்பரம் போகும் வழியில் இருந்த பெரிய கடை. அங்கே ஒரு பெண் இருந்தாள், என்னைப் பார்த்தே பேசினாள். நல்லது என்று நினைத்தேன். "இது உங்கள மாதிரி பெரியவங்களுக்காகவே டிசைன் பண்ணது மேடம்," என்று ஒரு வண்டியைக் காட்டினாள். அதற்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு கல்லூரிப் பெண் முடியைப் பறக்கவிட்டுக்கொண்டு போனாள். வேகமாகப் போகும் வண்டி, இரண்டு பேரைத் தாராளமாக இழுக்கும் என்றாள். ஸ்டாண்டிலிருந்து இறக்கச் சொன்னாள். இழுத்தேன். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். முட்டிதான் அசைந்தது.

"கொஞ்சம் வெயிட்டு மேடம். ஸ்ட்ராங் பேட்டரி. இதுக்கு மட்டும் லைசென்ஸ் வேணும்."

என் லைசென்ஸ் காலாவதியாகிச் சில வருடம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் தடுப்பூசி தேதியைத் தவறாமல் ஞாபகப்படுத்திய நான் அதை மட்டும் மறந்துவிட்டேன். புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அந்த டாக்டர் என் முட்டியைப் பார்ப்பார். அந்த வழியை அங்கேயே விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பேட்டரி வண்டி பார்க்கிறோம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

"நர்சம்மா, வாங்காதீங்க," என்றார். "நான் வாங்கி ஏமாந்துகினு கீறேன்."

அவர் கொஞ்ச நாள் ஏதோ வண்டி ஓட்டியது தெரியும், அது பேட்டரி வண்டி என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தார்ப்பாய் போட்டு மூடி, மேலே துவைத்த துணி காயப்போட்டிருந்தது. துணிக்குக் கீழே ஒரு நீல நிற வண்டி.

"இன்னா ஆச்சு இதுக்கு?"

"பேட்டரி பூட்ச்சு. நாலு பேட்டரி உள்ள. நாலும் பூட்ச்சு."

"எத்தனை நாள் ஓட்டுனீங்க?"

"ஓட்டுனேன், ஒரு ரெண்டு மாசம். அப்புறம் பையன் வூட்டுக்குப் போயிட்டேன். ஆறு மாசம் கழிச்சு வந்து சாவி போட்டா, செத்துக் கெடக்குது."

"ஆறு மாசமா சார்ஜே போடலையா?"

"ஓட்டாத வண்டிக்கு எதுக்குங்க சார்ஜ்?"

முப்பது வருடம் ஊருக்கு மின்சாரம் கொடுத்த மனிதர். பயன்படுத்தாவிட்டாலும் பேட்டரிக்கு அவ்வப்போது சார்ஜ் போட்டுவைக்க வேண்டும் என்று முதல் கடை கொடுத்த வண்ணத்தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் சத்தமாக வாசித்துக் காட்டிய ஒரே உருப்படியான வரி அது.

ஆனால் அங்கேதான் எனக்கு ஒன்று கிடைத்தது. துணிகளை எடுத்துவிட்டு அந்த நீல வண்டியில் சும்மா உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. குதிகால் உட்பட. ஸ்டாண்டிலிருந்து ஒரு கையால் இறங்கியது. எதிர்வீட்டு அம்மாவிடம் தையல் டேப் வாங்கி, தரையிலிருந்து சீட்வரை அளந்தேன். இருபத்தெட்டு அங்குலம். அதற்கு மேல் ஒரு அங்குலமும் கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டு கடைகளிலும் எத்தனையோ சொன்னார்கள், இந்த ஒரு அளவை யாரும் சொல்லவில்லை. கேட்டபோதும், "நார்மல் ஹைட்தான் மேடம்" என்றார்கள். யாருக்கு நார்மல்?

அடுத்த இரண்டு மாதம் டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். நான் கடைக்குள் நுழைந்து, குனிந்து, சீட்டை அளந்து, ஒன்றும் பேசாமல் வெளியே வருவதைப் பார்த்து வீட்டுக்காரர் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். "ஜாக்கெட்டுக்கு அளவெடுக்குற மாதிரி எடுக்குறியே," என்பார். கடைசியில் படப்பையில், டயர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் நெருக்கமாக ஒரு கடை. முதலாளியே மெக்கானிக், முதலாளியே விற்பனையாளர். கையில் கிரீஸ். நான் அளப்பதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

"எவ்ளோ வேணும்?" என்றார்.

"இருபத்தெட்டு."

"இது இருபத்தேழரை. எடுத்துனு போய் ஓட்டிட்டு சாயந்தரம் கொண்டாங்க."

"ரோட்லயா?"

"பின்ன, மாடியிலயா ஓட்டுவீங்க?"

அவரை அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

வெள்ளை நிறம், கனமில்லாத வண்டி. சாவி போட்டால் ஒரு பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கிளம்பிவிட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கைப்பிடியை லேசாக முறுக்கினேன், நகர்ந்தது. வழக்கம்போல வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். படப்பை தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. இருபத்தைந்துக்கு மேல் முள் போகவில்லை. எனக்கும் அதற்கு மேல் வேண்டாம். கார் ஏற்றிப்போகும் நீள லாரிகள் பக்கத்தில் போகும்போது மட்டும் காற்று இழுத்தது. ஓரமாகவே போனேன்.

எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் சாலை ஏரிக்கரை மேல் ஏறும். பெரிய மேடு இல்லை. மொபெட்டில் போகும்போது அதை மேடு என்றே நான் நினைத்ததில்லை. பேட்டரி வண்டி அதைக் கண்டுபிடித்தது. இருபத்தைந்து இருபதானது, பதினைந்தானது, பத்தானது. பாதி மேட்டில், நான் முறுக்கிய கை முறுக்கியபடி இருக்க, வண்டி அப்படியே நின்றது. பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"இறங்குங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"வண்டி ஏறல. இறங்குங்க முதல்ல."

இறங்கினார். இறங்கிய உடனே வண்டி குஷியாகக் கிளம்பி மேட்டில் ஏறியது. நான் மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்து வந்தார். பஸ் ஜன்னலில் இருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். மேலே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தார்.

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். "இது ஒரு ஆள் வண்டிம்மா. ரெண்டு பேர் இழுக்குறது வேணும்னா வெயிட்டா வரும். உங்களால தள்ள முடியாது. எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது மட்டும் வாயைத் திறந்தார். மூன்றாம் நாள் காலையில் நான் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசற்படியில் நின்று கேட்டார்.

"அப்போ நானு?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமாக இவரைச் சுமந்தேன். கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் நான் ஓட்ட, இவர் பின்னால். என் முட்டி போனதற்குப் பிறகும் இவரை எப்படி ஏற்றுவது என்று நானே யோசிக்க வேண்டுமா?

"உங்களுக்கு ஷேர் ஆட்டோ கீது," என்றேன். சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு மனசு கேட்கவில்லை. ஆனாலும் திரும்பவில்லை. வாங்கிவிட்டேன்.

முதல் மாதம் எனக்குத் திருப்தியாகத்தான் போனது. விடுதி வாசலில் போய் நிறுத்தினால் பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "யம்மா, நீங்க வாரது சத்தமே கேக்கலியே. பூனை மாதிரி வாரீய," என்றாள். அது உண்மை. அதுவே தொல்லையும்கூட. தெருவில் நடக்கிறவர்களுக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாது. ஹாரன் அடித்தால் கொசு கத்துவதுபோல ஒரு சத்தம். "ஓரமா போங்க, ஓரமா போங்க" என்று நானே வாயால் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நாய்க்குக்கூடத் தெரியாது. தூங்குகிற நாயின் வால் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அது பதறி எழுந்து குரைக்கும்.

பிறகு மின்வெட்டு. அந்த வருடங்களில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. வண்டிக்கு முழு சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் வேண்டும். மின்சாரம் வந்ததும் முதலில் மோட்டார் போடு, பிறகு மிக்ஸி, பிறகு வண்டி என்று ஓட வேண்டும். விடுதியில் ஜெனரேட்டர் இருந்தது. அங்கே சொருகிக்கொள்ளலாமா என்று வார்டனைக் கேட்டேன். "டீசல் எரிச்சு உங்க பேட்டரிக்கு சார்ஜ் போடுறதுக்கு, நீங்க பெட்ரோல் வண்டியே வாங்கியிருக்கலாமே சிஸ்டர்," என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு எரிச்சல்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு.

வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டர் உண்டு. பேட்டரி தேய்கிறதா என்று பார்ப்பதற்காக அதைத் தினமும் கவனிப்பேன். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் மூன்று கிலோமீட்டர் கூடுதலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நான்கு. மீட்டர்தான் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மீட்டர் பொய் சொல்லாதும்மா," என்றார். "வூட்ல வேற யாராவது எடுக்குறாங்களா பாருங்க."

வீட்டில் வேறு யார்? மகள் தாம்பரத்தில். இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

மறுநாள் காலை நான் குளிக்கப் போவதுபோலப் போய், கதவிடுக்கில் பார்த்தேன். இவர் வாசலில் செருப்பு மாட்டி, வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போனார். நான் பின்னாலேயே நடந்தேன். ஊருக்கு வெளியே வயலை வாங்கிக் கல் நட்டு, 'வீட்டு மனைகள் விற்பனைக்கு' என்று வளைவு வைத்திருந்தார்கள். உள்ளே நல்ல தார்ச்சாலை, ஒரு வீடும் இல்லை. அறுபத்திரண்டு வயது மனிதர் அங்கே, மடித்துக் கட்டிய வேட்டியோடு, இரண்டு காலையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, வெள்ளைக் கற்களுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் காலை ஊன்றி ஊன்றித் திரும்பினார். என்னைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார்.

"இன்னாங்க இது?"

"சும்மா. பழகினு கீறேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா, நீ கத்துக்குடுக்கறேன்னு வருவ." கொஞ்சம் நிறுத்தி, "நீ கத்துக்குடுத்தா திட்டுவ," என்றார்.

மறுத்துப் பேச வழியில்லை. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் கழித்தாவது இவருக்குத் தோன்றியதே என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் பத்து நாள் தாங்கியிருக்கும்.

கற்றுக்கொண்டவர் வீட்டில் நிற்பதே இல்லை. டீ குடிக்க வண்டி. பேப்பர் வாங்க வண்டி. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கும் கூட்டாளியைப் பார்க்க வண்டி. ஊரில் எல்லாரும், "இன்னா சார், வண்டி எடுத்துட்டீங்களா?" என்று அவரைக் கேட்டார்கள். "ஆமா, எடுத்தாச்சு," என்று சொல்லிக்கொண்டார். அலைந்தது நான், அளந்தது நான், வண்டி அவருடையது. மதியம் நான் வந்து நிறுத்தினால், கைப்பிடி சூடு ஆறுவதற்குள் அவர் எடுத்துக்கொண்டு போவார். ஓட்டத் தெரிந்துகொண்டவருக்கு சார்ஜ் போட மட்டும் தெரியவில்லை. "போடணும்னுதான் நெனச்சேன்," என்பார். நினைத்தால் ஏறிவிடுமா?

ஒரு சித்திரை மாதம், விடுதியிலிருந்து திரும்பி வரும்போது அது நடந்தது. காலையில் கிளம்பும்போதே பாதி சார்ஜ்தான் காட்டியது. போதும் என்று நினைத்தேன். திரும்பும் வழியில், ஒரு கம்பெனியின் நீளமான சுற்றுச்சுவர் பக்கத்தில், பச்சை விளக்கு சிவப்பாகி, பிறகு அதுவும் அணைந்தது. முன்னாலும் சுவர், பின்னாலும் சுவர். ஒரு மரம் இல்லை. மணி ஒன்றரை. ஊர் இன்னும் மூன்று கிலோமீட்டர்.

கொஞ்ச தூரம் தள்ளினேன். முட்டிக்குள் யாரோ ஊசியால் குத்துவதுபோல இருந்தது. ஊசி போட்டே பிழைத்தவளுக்கு அதன் வலி தெரியும். நின்று போன் செய்தேன்.

"நேத்து வண்டிய எங்க எடுத்துனு போனீங்க?"

மறுமுனையில் இருமினார்.

"கேக்குறேன்ல?"

"ஸ்ரீபெரும்புதூர்."

"ஸ்ரீபெரும்புதூரா? போய் வந்து முப்பத்தஞ்சு கிலோமீட்டர்! எதுக்கு?"

"கோயிலுக்கு. அப்புறம் நாம மொதல்ல பாத்த அந்தக் கடையில வண்டிக்கு ஒரு கண்ணாடி வெல கேட்டேன்."

"சார்ஜ் போட்டீங்களா?"

"போட்டேன். சுவிட்சு போட மறந்துட்டேன்போல."

அந்த வெயிலில் நடுரோட்டில் நின்றுகொண்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. காவலுக்கு நின்ற செக்யூரிட்டி கேட்டைத் திறந்து வெளியே வந்து பார்த்தார். கடைசியில் போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். அவர் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். என்னை அதே ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். ஆட்டோ தாண்டும்போது பார்த்தேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஏரிக்கரை மேட்டில் இவர் எப்படி ஏற்றுவார் என்ற கவலை எனக்கு வந்துவிட்டது. கோபப்படவும் முடியாமல், பாவப்படவும் பிடிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது. மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கிறேன்."

"வாங்குங்க. ஆனா நான் வர மாட்டேன். நீங்களே போய்ப் பாருங்க. நான் எவ்ளோ அலைஞ்சேன்னு அப்ப தெரியும்."

டேப்பைக்கூட எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினார். முட்டி வலியில் நான் விடுதிக்குப் போகாத நாள் அது. பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். சிவப்பு நிறத்தில் ஒரு வண்டி. முன்னால் மாலை, எலுமிச்சம்பழம், மஞ்சள் குங்குமம் எல்லாம் வைத்து வந்திருந்தார்.

"அதுக்குள்ளயா?"

"போனேன். அது நின்னுகினு இருந்துச்சு. கலர் நல்லா இருந்துச்சு."

"எத்தனை கிலோமீட்டர் போகும்னு கேட்டீங்களா? பேட்டரிக்கு எத்தனை வருஷம் கேரண்டி? எடை? சர்வீஸ் எங்க?"

"அதெல்லாம் பேப்பர்ல போட்டிருப்பான்ல?"

நான் நாலு மாதம் அலைந்தேன். எத்தனையோ கடை, எதிர்வீட்டுத் தார்ப்பாய், தையல் டேப், ஏரிக்கரை மேடு. இவர் நிறத்தைப் பார்த்து ஒன்றரை மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏதாவது கோளாறு வரும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் வண்டிக்கு இரண்டாம் வருடம் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. அவருடையதற்கு மூன்றாம் வருடம்தான் மாற்றினோம். என்னுடையது ஒருமுறை மழையில் நனைந்து இரண்டு நாள் ஓடவில்லை. அவருடையது நனைந்தும் ஓடியது.

விடுதி வேலையை விடும்வரை நான் என்னுடையதில் போனேன், அவர் சிவப்பு வண்டியில் போனார். வெள்ளிக்கிழமைகளில் படப்பை சந்தைக்கு இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புவோம். காய்கறிப் பையை அவர் வண்டியில்தான் வைப்பேன். அது நன்றாகச் சுமக்கிறது. எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால், "எல்லாம் பார்க்கத் தெரியணும்," என்று என்னை வைத்துக்கொண்டே சொல்வார். நான் காய் பொறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.